முழங்காலுக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

உங்கள் முழங்காலின்மேல் ஒரு முறை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முன்புறம் வட்டமாக அசைந்துகொடுப்பது சில்லு. அதன் பின்னால் தொடையெலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கின்றன. இரண்டின் முனைகளையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இவை அனைத்தையும் ஒரு பை சூழ்ந்துள்ளது. அந்தப் பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று படிந்திருக்கிறது. அதை மூட்டுச் சவ்வு என்பர். வண்டி அச்சுக்கு மசகு இடுவதுபோல, இந்தச் சவ்வு சிறிதளவு நீரைச் சுரந்து மூட்டை வழுக்கலாக வைத்திருக்கிறது. நலமான முழங்காலில் இந்த நீர் ஒரு தேக்கரண்டிக்கு மேல் இராது.

ஏதோ ஒரு காரணத்தால் இந்தச் சவ்வு அழற்சி அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். சவ்வு தடிக்கிறது. அதில் புதிய இரத்தக் குழாய்கள் கிளைக்கின்றன. நீர் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. முழங்காலில் நீர் கோத்துக்கொண்டது என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் மருத்துவருக்குத் தெரிவது வீக்கம் ஒன்றே. உள்ளே இருப்பது நீரா, சீழா, இரத்தமா? தடித்திருப்பது சவ்வா, தசையா? எலும்பு அரிக்கப்பட்டுள்ளதா? தோலைக் கிழிக்காமல் இதை எப்படி அறிவது?

இக்கேள்விக்கு விடை காண அறிவியல் ஒரு நூற்றாண்டு உழைத்திருக்கிறது. அந்த வரலாற்றை ஒரே ஒரு நோயை வழித்துணையாகக் கொண்டு பார்ப்போம். அந்த நோயின் பெயர் லைம். எலுமிச்சை வகைப் பழத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது ஓர் ஊரின் பெயர்.

இரண்டு தாய்மார்களின் ஐயம்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் வடகிழக்கில் கனெக்டிகட் என்றொரு சிறு மாநிலம் உள்ளது. அதே பெயர் கொண்ட ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, கிழக்குக் கரையில், லைம், ஓல்டு லைம், ஈஸ்ட் ஹாடம் என்னும் ஊர்கள் இருக்கின்றன. மரங்கள் அடர்ந்த, மான்கள் திரியும் பகுதி அது.

1975-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஓல்டு லைமைச் சேர்ந்த ஒரு தாய் மாநில நலத்துறைக்கு ஒரு செய்தியைத் தெரிவித்தார். 5,000 பேர் மட்டுமே வாழும் அவ்வூரில் 12 குழந்தைகளுக்கு இளம்பருவ முடக்குவாதம் என்று மருத்துவர்கள் கூறியிருந்தார்கள். அவர்களுள் நான்கு குழந்தைகளின் வீடுகள் ஒரே சாலையில் அருகருகே இருந்தன. முடக்குவாதம் ஒட்டுவாரொட்டி நோயன்று. அப்படியிருக்க, ஒரு சிறிய ஊரில் இத்தனை பேருக்கு அது வருவானேன்?

ஏறத்தாழ அதே வேளையில் இன்னொரு தாய் யேல் பல்கலைக்கழகத்தின் மூட்டுநோய்ப் பிரிவை நாடினார். அவர் பெயர் பாலி மர்ரே. அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மூட்டுகள் மாறி மாறி வீங்கின. அவருக்கும் பல ஆண்டுகளாகக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வந்து போயின. பல மருத்துவர்களைப் பார்த்தும் பயனில்லை. எல்லாம் மனத்தின் கோளாறு என்று கருதியவர்களும் உண்டு. ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. யாருக்கு, எப்போது, எந்த மூட்டு வீங்கியது என்று குறித்துக்கொண்டே வந்தார். அண்டை வீட்டாரின் துன்பங்களையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

நலத்துறையில் டேவிட் ஸ்னைட்மன் என்ற மருத்துவரும், யேலில் ஆலன் ஸ்டீர் என்ற இளம் மருத்துவரும் இச்செய்திகளைத் தள்ளிவிடவில்லை. ஸ்டீர் ஊர் ஊராகச் சென்றார். 12,000 பேர் வாழ்ந்த அந்த மூன்று ஊர்களிலும் ஒரே வகையான மூட்டு நோய் கண்ட 51 பேரை அவருடைய குழு இனங்கண்டது. 39 பேர் குழந்தைகள். பெரும்பாலோருக்கு நோய் தாக்கிய இடம் முழங்கால். கோடையிலோ அதை ஒட்டிய வாரங்களிலோ தொடங்கியது. வலியைவிட வீக்கம் மிகுதி. சில நாள்களில் வற்றி, சில மாதங்களில் மீண்டும் வந்தது. ஒரு குடும்பத்தில் பலருக்கு வந்தாலும் ஒரே காலத்தில் வரவில்லை. ஆகவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியிருக்க முடியாது. நால்வரில் ஒருவருக்கு, மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு தோலில் ஒரு சிவந்த வட்டம் தோன்றி விரிந்திருந்தது.

1977-இல் வெளியான அறிக்கையில் இது 'லைம் மூட்டழற்சி' எனப் பெயர் பெற்றது.

பழைய வட்டமும் புதிய கிருமியும்

அந்தச் சிவந்த வட்டம் ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பழக்கமானதுதான். 1909-இல் சுவீடன் நாட்டுத் தோல் மருத்துவர் ஆர்விட் அஃப்சீலியஸ், உண்ணி கடித்த இடத்தில் தோன்றி நாளுக்கு நாள் விரியும் ஒரு தடிப்பைப் பற்றி ஸ்டாக்ஹோமில் எடுத்துரைத்திருந்தார். கனெக்டிகட்டில் ஆற்றின் கிழக்குக் கரையில் இந்நோய் மேற்குக் கரையைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு மிகுதி என்பது 1978-இல் தெரியவந்தது. அதே கிழக்குக் கரையில்தான் உண்ணிகளும் மிகுந்திருந்தன.

இந்த உண்ணி மாட்டின் மேல் நாம் பார்க்கும் பருத்த உண்ணியைப் போன்றதன்று. இளம் பருவத்தில் இது கசகசா விதையளவே இருக்கும். கடித்தால் வலிக்காது. கடிபட்டோம் என்பதே பலருக்குத் தெரியாமற்போவது இதனால்தான். காட்டெலிகளின் இரத்தத்தைக் குடிக்கும்போது இது கிருமியைப் பெறுகிறது. பின்னர் மனிதர்மீது பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்கும்போது அதைச் செலுத்துகிறது.

கிருமியைக் கண்டவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த வில்லி பர்க்டார்ஃபர். அவர் மான்டானா மாநிலத்தின் ராக்கி மலை ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1981-இல் நியூயார்க்கை அடுத்த ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை வேறொரு காய்ச்சலின் கிருமிக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டு உண்ணிகளின் உடல்நீரில் நுண்புழுக்கள் தென்பட்டன. அவை எங்கிருந்து வந்தன என்று அறியக் குடலை அறுத்துப் பார்த்தார். அங்கே, தேடாத ஒன்று கிடைத்தது. திருகாணிபோல் முறுக்கிய மெல்லிய கிருமிகள் நெளிந்தன! 126 உண்ணிகளில் 77-இல் அவை இருந்தன. 1982-இல் 'சயன்ஸ்' இதழ் இதை வெளியிட்டது. 1984-இல் அக்கிருமிக்கு 'பொரேலியா பர்க்டார்ஃபெரி' என்று அவர் பெயரையே சூட்டினார்கள்.

காரணம் தெரிந்தது. ஆயினும் மருத்துவரின் முன் ஒரு குழந்தை வீங்கிய முழங்காலுடன் வந்து நிற்கும்போது, அந்த முழங்காலுக்குள் என்ன நிகழ்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறதல்லவா? இங்கேதான் படம் எடுக்கும் கலை வருகிறது.

எலும்பைக் கண்டது, சவ்வைக் காணவில்லை

1895 நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டார். ஆண்டு முடிவதற்குள் தம் மனைவியின் கையெலும்புகளைப் படமெடுத்துவிட்டார். மருத்துவ உலகம் வியந்தது. உடைந்த எலும்பு, உடலில் தைத்த குண்டு எல்லாம் இனி வெளிச்சம்!

ஆனால் எக்ஸ்-கதிர் எடுப்பது நிழல் என்பதை மறக்கக் கூடாது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது கதிரைத் தடுக்கிறது. ஆகவே நிழல் நன்கு விழுகிறது. நீர், சவ்வு, தசை ஆகியவை கதிரை ஏறத்தாழ ஒரே அளவில்தான் தடுக்கின்றன. பாலில் நீர் கலந்தால் எது பால், எது நீர் என்று பிரித்துப் பார்க்க இயலாததுபோல், இவற்றின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

லைம் மூட்டழற்சியில் எக்ஸ்-கதிர் என்ன காட்டியது? 1985-இல் லாசனும் ஸ்டீரும் 'ரேடியாலஜி' இதழில் தங்கள் நோயாளிகளின் படங்களை ஆராய்ந்து எழுதினார்கள். பக்கவாட்டில் எடுத்த படத்தில், சில்லுக்கு மேலே உள்ள பை நீரால் உப்பியிருப்பது மங்கலாகத் தெரியும். நெடுநாள் நோயுற்ற சிலரிடம் குருத்தெலும்பு தேய்ந்திருந்தது, எலும்பின் ஓரம் அரிக்கப்பட்டிருந்தது. ஆனால் இந்த அரிப்பு தெரிவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. எரிந்து முடிந்த வீட்டின் சுவரைப் படமெடுப்பது போன்றது இது. தீ பற்றும்போதே காட்டும் கருவி வேண்டும்.

எனினும் எக்ஸ்-கதிரை ஒதுக்கிவிட இயலாது. முறிவோ, எலும்புக் கட்டியோ இல்லை என்று உறுதி செய்ய இன்றும் முதலில் எடுக்கப்படுவது அதுதான்.

மூட்டுக்குள் ஊசி மூலம் காற்றையோ சாயத்தையோ செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் முறையும் இருந்தது. பையின் உருவம் அதில் தெளிவாகும். ஆனால் வலியில் துடிக்கும் குழந்தையின் முழங்காலில், படத்துக்காகவே ஒரு ஊசி ஏற்ற யாருக்கு மனம் வரும்?

உள்ளிருந்து ஒளிரும் மூட்டு

அடுத்த வழி வேறு திசையிலிருந்து வந்தது. கதிரை வெளியிலிருந்து பாய்ச்சாமல், கதிர் வீசும் பொருளை உடலுக்குள்ளேயே அனுப்பினால் என்ன?

டெக்னீசியம் என்ற தனிமத்தின் ஒரு வகை இதற்கு ஏற்றதாக அமைந்தது. அதன் அரை ஆயுள் 6 மணி நேரமே. வேலை முடிந்ததும் விரைவில் தணிந்துவிடும். 1971-இல் ஜி. சுப்பிரமணியன், ஜே. ஜி. மெக்காஃபீ என்ற இரு ஆய்வாளர்கள் டெக்னீசியத்தைப் பாஸ்பேட் சேர்மத்துடன் பிணைத்து எலும்புக்கு அனுப்பும் முறையை வெளியிட்டார்கள். கையில் ஊசி போட்டால் போதும். இரத்த ஓட்டமும் எலும்பின் வளர்சிதை மாற்றமும் எங்கே மிகுதியோ, அங்கே அப்பொருள் போய்ச் சேரும். உடலுக்கு வெளியே நிற்கும் காமா கேமரா அதன் கதிர்களைப் பதிவு செய்யும்.

அழற்சியுற்ற மூட்டில் இரத்த ஓட்டம் மிகுதி அல்லவா? ஆகவே அது பளிச்சென்று தெரியும். உடல் முழுவதையும் ஒரே முறையில் பார்க்கலாம் என்பது இதன் சிறப்பு. முழங்கால் மட்டுமே வீங்கியிருக்கிறதா, வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையின் இடுப்பு மூட்டிலும் கோளாறு உண்டா என்று அறியலாம். ஆனால் படம் மங்கல். மூட்டு 'சூடாக' இருக்கிறது என்று சொல்லுமே தவிர, சவ்வு தடித்ததா, நீர் கோத்ததா, எலும்பில் புண்ணா என்று பிரித்துச் சொல்லாது.

கேளாத ஒலி காட்டிய காட்சி

நம் காது நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கேட்காது. அதைவிட உயர்ந்ததே கேளா ஒலி. இன்று மூட்டுகளைப் பார்க்கப் பல மில்லியன் அதிர்வுகள் கொண்ட ஒலியைப் பயன்படுத்துகிறார்கள். கிணற்றில் கூப்பிட்டால் எதிரொலி வருகிறது. அதுபோல, உடலுக்குள் அனுப்பிய ஒலி ஒவ்வொரு எல்லையிலும் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வர எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழத்தையும், எதிரொலியின் வலிமையைக் கொண்டு வெண்மை கருமையையும் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. 1958-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் அயன் டொனால்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் இவ்வாறு படமெடுத்துக் காட்டினார்கள்.

மூட்டுக்கு இது வந்த கதை சுவையானது. முழங்காலில் நீர் மிகுந்தால், சில வேளை அது பின்புற மடிப்பின் வழியே பிதுங்கி ஒரு பையாகத் திரளும். பேக்கர் பை என்று அதற்குப் பெயர். அந்தப் பை வெடித்தால் நீர் கெண்டைக்காலுக்குள் இறங்கிக் கால் வீங்கிச் சிவக்கும். காலின் சிரையில் இரத்தம் உறைந்தாலும் அறிகுறி இதேதான். ஆனால் மருத்துவம் முற்றிலும் வேறு. இரத்தம் உறைந்தவருக்கு உறைதலைத் தடுக்கும் மருந்து தர வேண்டும். பை வெடித்தவருக்கு அம்மருந்தைத் தந்தால் உள்ளே இரத்தம் கசியும். இரண்டையும் வேறுபடுத்துவது எப்படி? 1972-இல் மக்டொனால்டு, லியோபோல்டு என்னும் இருவர் கேளா ஒலியால் இதைச் செய்துகாட்டினார்கள். மூட்டு நோயைக் காணக் கேளா ஒலி பயன்படும் என்பதற்குத் தொடக்க காலச் சான்று இது.

லைம் நோயிலும் இந்தப் பேக்கர் பை அடிக்கடி உண்டாகிறது, வெடிக்கவும் செய்கிறது. லைம் ஊர்களின் நோயை யாரும் பெயரிட்டு அறிவதற்கு முன்பே, அதற்கு வேண்டிய ஒரு கருவி இன்னொரு தேவைக்காகப் பிறந்துவிட்டது! அறிவியலில் இப்படி நேர்வது அரிதன்று.

1978-இல் கூப்பர்பெர்க்கும் அவருடைய குழுவினரும் முடக்குவாதமுற்ற முழங்கால்களில் தடித்த சவ்வையும் நீரையும் கேளா ஒலியால் கண்டார்கள். படத்தை எப்படிப் படிப்பது என்று நீங்களும் அறிந்துகொள்ளலாம். எலும்பின் மேற்பரப்பு வெண்கோடு. நீர் முழுக் கருமை, ஏனெனில் நீருக்குள் எதிரொலி எழுப்ப எல்லை ஏதுமில்லை. தடித்த சவ்வு சாம்பல் நிறம். ஐயமிருந்தால் மருத்துவர் கருவியால் மெல்ல அழுத்துவார். கரும்பகுதி ஒதுங்கி ஓடினால் நீர், அசையாமல் நின்றால் சவ்வு. இவ்வளவு எளிது.

பிறகு வண்ணம் வந்தது. நம்மை நோக்கி வரும் இரயிலின் ஊதல் உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விதி அது. ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியிலும் அதே மாற்றம் நிகழ்கிறது. மிக மெல்லிய குழாய்களில் மெதுவாக ஓடும் இரத்தத்தையும் காட்டும் 'பவர் டாப்ளர்' முறை 1990-களில் உருவாயிற்று. 1994-இல் மென்திசுக்களின் அழற்சியில் மிகுந்த இரத்த ஓட்டத்தை அதனால் காணலாம் என்று காட்டினார்கள். இப்போது சவ்வு தடித்திருக்கிறதா என்பதோடு, அழற்சி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறதா என்பதும் செந்நிறப் புள்ளிகளாகத் திரையில் தெரிகிறது.

கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. குழந்தை தாயின் மடியில் இருக்கும்போதே பார்க்கலாம். ஆனால் ஒலி எலும்பைத் துளைக்காது. எலும்புக்குள்ளும் அதன் பின்னாலும் உள்ளவற்றை இது அறியாது.

காந்தத்தின் சாட்சி

எலும்பு, குருத்தெலும்பு, சவ்வு, தசை, நீர் எல்லாவற்றையும் ஒரே படத்தில் காட்டும் கருவி எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படக் கருவி. நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரில் ஹைட்ரஜன் உண்டு. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு சிறு காந்தம்போல நடந்துகொள்கிறது. வலிமையான காந்தப் புலத்தில் இக்கருக்கள் ஓர் ஒழுங்கில் நிற்கும். ஏற்ற வானொலி அலையை அனுப்பினால் ஒழுங்கு கலையும். அலையை நிறுத்தினால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும், திரும்பும்போது தாமே ஒரு மெல்லிய சைகையை வெளியிடும். கொழுப்பிலுள்ள கருவும் நீரிலுள்ள கருவும் திரும்பும் வேகம் வேறுவேறு. அந்த வேற்றுமையே படமாகிறது.

இந்தச் சைகை எங்கிருந்து வருகிறது என்று இடம் காணும் வழியை 1973-இல் பால் லாட்டர்பர் வெளியிட்டார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதை விரைவுபடுத்தும் முறைகளை வகுத்தார். 1977-இல் ரேமண்ட் டமேடியன் மனித மார்பின் ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுக்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆயிற்று. 2003-இல் லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1988-இல் காடோலினியம் கலந்த ஊசி மருந்து அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. அழற்சியுற்ற சவ்வின் இரத்தக் குழாய்கள் கசியும் தன்மை உடையவை. அங்கே காடோலினியம் கசிந்து சேர்ந்து, சவ்வைப் பளிச்சென்று காட்டும். ராண்ட்ஜன் கதிருக்கு மறைந்திருந்த சவ்வு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் கண்முன் வந்தது.

ஒரு கேள்வி, இரண்டு கதவுகள்

கருவிகள் இருக்கட்டும். இவற்றால் ஒரு குழந்தைக்கு என்ன பயன்? இதோ, கனெக்டிகட் போன்ற ஒரு பகுதியில் ஒரு கோடை மாலையை எண்ணிப் பாருங்கள். ஆறு வயதுச் சிறுமி. முழங்கால் திடீரென்று பந்துபோல் வீங்கியிருக்கிறது. இலேசான காய்ச்சல். மருத்துவரின் மனத்தில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன.

ஒன்று, சாதாரணச் சீழ்க்கிருமிகள் மூட்டில் புகுந்திருக்கலாம். அப்படியானால் பொழுதைப் போக்கக் கூடாது. சீழிலுள்ள நொதிகள் குருத்தெலும்பைச் சில நாள்களிலேயே கரைத்துவிடும். உடனே மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திறந்து கழுவ வேண்டும். இரண்டு, இது லைமாக இருக்கலாம். அப்படியானால் அறுவையே வேண்டாம். வீட்டிலிருந்தே 28 நாள் மருந்து உட்கொண்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஒரு கதவைத் திறந்தால் அறுவை அறை, மற்றொன்றைத் திறந்தால் வீடு. தவறான கதவைத் திறந்தால்? லைம் நோயாளிக்கு வீண் அறுவை. சீழ் நோயாளிக்கோ வாழ்நாள் முழுதும் நொண்டும் கால்.

இங்கே படம் கைகொடுக்குமா? 2005-இல் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் லைம் மூட்டுகளின் எம்.ஆர்.ஐ. படங்களைச் சீழ் மூட்டுகளின் படங்களுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். மூன்று வேறுபாடுகளைக் கண்டார்கள். லைமில் மூட்டைச் சுற்றியுள்ள தசையும் அழற்சி அடைந்திருந்தது. முழங்காலின் பின்புறம் நெறி கட்டியிருந்தது. ஆனால் தோலுக்கு அடியில் நீர்த்தேக்கம் இல்லை. சீழ் மூட்டில் தோலுக்கு அடியிலும் வீக்கம் இருப்பது வழக்கம். பயனுள்ள குறிப்புகள்தாம். ஆயினும் இவற்றை மட்டும் நம்பி ஒரு கதவைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஏன்? படம் காட்டுவது அழற்சியை. அழற்சி என்பது உடலின் விடை. கேள்வி கேட்டது யார் என்பதைப் படம் சொல்லாது. லைம் கிருமியாலும், முடக்குவாதத்தாலும், வேறு தொற்றுகளாலும் சவ்வு தடிக்கும், நீர் கோக்கும், டாப்ளர் சிவக்கும். கிருமி மிக நுண்ணியது. எந்தப் படக் கருவிக்கும் அது அகப்படாது.

ஆகவே தீர்ப்பு வேறிடத்தில் கிடைக்கிறது. இரத்தத்தில் இக்கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் உள்ளதா என்று இரண்டு படிகளில் சோதிக்கிறார்கள். மூட்டழற்சி தோன்றும் கட்டத்தில் இச்சோதனை பெரும்பாலும் தெளிவான விடை தருகிறது. மூட்டிலிருந்து ஊசியால் எடுத்த நீரில் வெள்ளணுக்களை எண்ணுகிறார்கள். லைமில் கன மில்லிமீட்டருக்குப் பெரும்பாலும் 10,000 முதல் 25,000 வரை இருக்கும். சீழ் மூட்டில் 50,000-ஐத் தாண்டுவது வழக்கம். ஆனால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிவதும் உண்டு. அந்த நீரில் கிருமியின் டி.என்.ஏ.-யைத் தேடலாம் என்பதும் 1994-இல் மெய்ப்பிக்கப்பட்டது. லைம் மூட்டழற்சியுள்ள 88 பேரில் 75 பேரிடம் அது கிடைத்தது. ஒப்பீட்டுக்காக ஆராய்ந்த 64 பேரில் ஒருவரிடமும் இல்லை.

அப்படியானால் படம் எதற்கு? உள்ளே நீர் இருக்கிறதா என்று முதலில் சொல்வது அது. முழங்காலில் கையால் தடவியே நீரை உணரலாம். ஆழத்தில் உள்ள இடுப்பு மூட்டில் அது இயலாது. அங்கே கேளா ஒலிதான் கண். ஊசி எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவதும் அதுவே. எலும்பில் புண் உண்டா, பை வெடித்ததா, குருத்தெலும்பு பிழைத்ததா என்று சொல்வதும் படமே.

தீ அணைந்த பின்னும் புகை

1985-இல் ஸ்டீரின் குழு லைம் மூட்டழற்சிக்குப் பெனிசிலினைச் சோதித்தது. வெற்று ஊசி போட்ட 20 பேரில் ஒருவர்கூடக் குணமடையவில்லை. பெனிசிலின் ஊசி போட்ட 20 பேரில் 7 பேர் முழுதும் குணமடைந்தார்கள். சிரை வழியே மிகுதியான அளவு கொடுத்தபோது 20-இல் 11 பேர் நலம் பெற்றார்கள். இன்று பெரும்பாலோர் வாய்வழி மருந்திலேயே குணமடைகிறார்கள்.

ஆனால் சிறுபான்மையோரிடம் ஒரு புதிர் எஞ்சுகிறது. மருந்து முடிந்துவிட்டது, மூட்டு நீரில் கிருமியின் டி.என்.ஏ. இல்லை, ஆயினும் வீக்கம் குறையவில்லை. படம் எடுத்தால் சவ்வு இன்னும் தடித்தே இருக்கிறது. கிருமி பிழைத்திருக்கிறதா? 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, கிருமியின் உறைச்சுவர்த் துண்டுகள் இத்தகையோரின் மூட்டு நீரில் தங்கியிருப்பதைக் கண்டது. கிருமி மாண்டாலும் அதன் எச்சத்தைக் கண்டு உடல் போரை நிறுத்தாமல் தொடர்கிறது போலும். இவர்களுக்கு மேலும் மேலும் கிருமிக்கொல்லி கொடுப்பதால் பயனில்லை. அழற்சியைத் தணிக்கும் மருந்துகளே துணை செய்கின்றன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? புகை தெரிகிறது என்பதாலேயே தீ எரிகிறது என்று முடிவு கட்டக் கூடாது. படத்தை மட்டும் பார்த்து மருந்தை நீட்டித்தால், இல்லாத பகைவனோடு போரிட்டவர்கள் ஆவோம்.

குறிப்பேடும் கருவியும்

இன்று ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,76,000 பேர் லைம் நோய்க்கு மருத்துவம் பெறுவதாக 2010 முதல் 2018 வரையிலான காலத்துக்கு மதிப்பிட்டிருக்கிறார்கள். சிறு ஊர்களில் இரண்டு தாய்மார்கள் எழுப்பிய ஐயம் எவ்வளவு பெரிய உண்மையைத் திறந்துவிட்டது, பாருங்கள்!

1975-இல் அத்தாய்மார்களிடம் எம்.ஆர்.ஐ. இல்லை. அன்று உலகில் ஒரு மனிதரைக்கூட முழுதாக அக்கருவி படமெடுத்திருக்கவில்லை. கேளா ஒலி மூட்டுக்கு வந்து மூன்றே ஆண்டுகள். அவர்களிடம் இருந்தவை கண்ணும் காதும் ஒரு குறிப்பேடும்தாம். யாருக்கு, எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளை அவர்கள் விடாமல் கேட்டார்கள். எந்தப் படமும் தராத விடை அக்குறிப்புகளில் இருந்தது. அதைப் பொருட்படுத்திக் கேட்ட மருத்துவர்கள் இருந்ததால் அது பயன்பட்டது.

கருவிகளை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அறுவை அறைக்குச் சென்றிருக்க வேண்டிய ஒரு சிறுமி மாத்திரையோடு வீடு திரும்புகிறாள் என்றால், அதில் ராண்ட்ஜனுக்கும் டொனால்டுக்கும் லாட்டர்பருக்கும் பங்குண்டு. ஆனால் திரையில் தெரியும் சாம்பல் நிறச் சவ்வைப் பார்த்துக்கொண்டே மருத்துவர் தாயின் பக்கம் திரும்பி, "சென்ற மாதம் உடம்பில் எங்காவது சிவந்த வட்டம் பார்த்தீர்களா, அம்மா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பிறகே படம் பேசத் தொடங்குகிறது.